போர்டு போய்விட்டது என்று சொல்லும் முன்: மலையடிவாரத்துக் கணினிப் பழுதுநீக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

போளூர், செங்கம், ஆலங்காயம், திருப்பத்தூர் என ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கணினி பழுது பார்க்கும் தோழர்களுக்கு,



மலையிலிருந்து உங்கள் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தவுடனே உங்களுக்குத் தெரிந்துவிடும். சிபியூவைப் பழைய போர்வையில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஜமுனாமரத்தூருக்கு வந்து சேரவே சில ஊர்க்காரர்கள் விடிகாலையில் நடக்கத் தொடங்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்து அவர்கள் சொல்வது ஒரே வாக்கியம்: "ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு அப்படியே நின்னுடுதுங்க." நீங்கள் சொல்வதும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: "ஃபார்மேட் பண்ணிடலாம்", இல்லையென்றால் "போர்டு போயிடுச்சு."

அந்த இரண்டு பதில்களைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

மலைப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தருகிறவன் நான். அவர்கள் வீட்டுக் கணினி நின்றுபோனால் முதலில் என்னிடம் கேட்பார்கள். என்னால் முடியாதபோது உங்களிடம் அனுப்புவேன். அங்கே பணம் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வந்த எந்திரம், இரண்டு வாரம் கழித்து அதே பழுதோடு மறுபடி என்னிடம் வரும். இது ஏதோ ஒரு வீட்டில் நடந்தது என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த எந்திரங்கள் எப்படி எங்கள் வீடுகளுக்கு வந்தன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சில, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்து, இப்போது தம்பி தங்கை கைக்கு வந்தவை. மற்றவை சாமை விற்ற காசிலும் புளி உலுக்கிய கூலியிலும் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை. உதவித்தொகை விண்ணப்பம், பழங்குடிச் சாதிச் சான்றிதழின் நகல், வன உரிமைப் பட்டாவை ஸ்கேன் செய்த படம், குரூப் 4 தேர்வுக்குச் சேர்த்துவைத்த குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பலரிடம் வேறு பிரதி கிடையாது. "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லும்போது அழிவது இதெல்லாம்தான். அழித்த பிறகும் பழுது அப்படியே இருந்தால் அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணின் டெஸ்க்டாப். பகலில் நன்றாக ஓடும். மாலை ஏழு மணிக்கு மேல் வீடியோ பார்க்கும்போது படம் உறைந்துவிடும். பேசிக்கொண்டிருந்த ஆசிரியரின் குரல் ஒரே எழுத்தில் சிக்கித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு எரியாது. அடிவாரத்துக் கடை ஒன்றில் இரண்டு முறை விண்டோஸ் மாற்றிப் போட்டார்கள். மூன்றாவது முறை, மதர்போர்டு போய்விட்டது, வேறு எந்திரம் வாங்குவதுதான் நல்லது என்றார்கள். கடையில் அது ஒருமுறைகூட நிற்கவில்லை. "எங்ககிட்ட நல்லாத்தானே ஓடுது" என்று அவர்கள் சொன்னதும் உண்மைதான்.

பதில் அந்த உண்மைக்குள்ளேயே இருந்தது. கடையில் ஓடுகிறது, வீட்டில் நிற்கிறது, அதுவும் மாலையில் மட்டும் நிற்கிறது என்றால், கடைக்கும் வீட்டுக்கும் என்ன வேறுபாடு என்பதுதான் முதல் கேள்வி. அவர்கள் வீட்டுச் சுவர் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மதியம் 230 வோல்ட்டை ஒட்டி இருந்தது. விளக்கு, டிவி, மிக்சி, மோட்டார் எல்லாம் ஊரில் ஒன்றாக ஓடத் தொடங்கியதும் 170க்குக் கீழே போனது. நீண்ட மின்கம்பி வரிசையின் கடைக்கோடி வீடு அது. எந்திரத்தில் இருந்ததோ, பின்பக்கம் சிவப்பு சுவிட்சு வைத்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். 230 பக்கம் வைத்த அத்தகைய பெட்டி அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் தாக்குப்பிடிக்காது. வெளியே தரும் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில் ராமிலோ பிராசசரிலோ ஒரு கணக்குத் தவறினால் போதும், எல்லாம் நின்றுவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் வேறு எஸ்.எம்.பி.எஸ். மாற்றி, ஒரு ஸ்டெபிலைசரும் வைத்தோம். போய்விட்டது என்று சொல்லப்பட்ட அதே போர்டில்தான் அந்தப் பெண் இன்றும் படிக்கிறாள்.

இதைப் படிக்கும் யாராவது, வோல்டேஜ் குறைவு என்றால் அந்தச் சிவப்பு சுவிட்சை 115க்குத் தள்ளிவிடலாமே என்று நினைத்தால், தயவுசெய்து செய்யாதீர்கள். இரவு பத்து மணிக்கு ஊர் அடங்கி மின்னழுத்தம் திரும்பியதும் பெட்டி வெடித்துவிடும்.

உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிப்பைப் பெயர்த்து மறுபடி பதிக்கிற கை உங்களுடையது. என் மனக்குறை உங்கள் வரிசையைப் பற்றியது. முடிவு முதலிலும் சோதனை கடைசியிலும் வருகிறது. பல நேரம் சோதனை வருவதே இல்லை. நின்றுபோகும் எந்திரம் தன் பழுதைப் பற்றி நிறையத் தடயம் விட்டுவைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மௌஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைத் தொட்டாலும் திறக்கவில்லை, ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால், சந்தேகம் டிஸ்க் பக்கம் போக வேண்டும். அம்பும் நின்று, கேப்ஸ் லாக் விளக்கும் மாறாமல், ஒலி சிக்கி நின்றால், ராம், மின்சாரம், போர்டு, வெப்பம் என்று தேட வேண்டும். போட்டவுடன் நிற்கிறதா, அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு நிற்கிறதா? கோப்பு நகலெடுக்கும்போதா, வீடியோ ஓடும்போதா, சும்மா இருக்கும்போதா? இந்தக் கேள்விகளுக்கு மூன்று நிமிடம் போதும். வந்தவருக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் பதில் தெரியும். வீட்டில் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

விண்டோஸ்மீது சந்தேகம் வந்தால் அதை அழிக்காமலே தீர்க்க வழி இருக்கிறது. டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, பென்டிரைவில் உள்ள லினக்ஸிலிருந்து எந்திரத்தை இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். அப்போதும் நின்றால் விண்டோஸ்மீது குற்றமில்லை. ஃபார்மேட் செய்து பயனில்லை. நிற்காவிட்டால் டிஸ்க்கையோ விண்டோஸையோ பார்க்கலாம். ஒரு கோப்புகூட இழக்காமல் பாதித் தேடல் முடிந்துவிடும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, "கர்னல்-பவர் 41" என்ற சிவப்பு வரியைக் காட்டி, "பாருங்க, பவர் பிரச்சினை, போர்டு போச்சு" என்று சொல்லும் பழக்கம் உங்களில் சிலருக்கு இருக்கிறது. எந்திரம் முறைப்படி அணையவில்லை என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. உறைந்துபோன கணினியை வேறு வழியின்றிப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நாம் அணைத்தாலும் அந்த வரி விழும். அதற்கு முன்னால் உள்ள வரிகளைப் பாருங்கள். டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 எண்ணோடு எச்சரிக்கை விழுந்திருக்கிறதா? வன்பொருள் பிழையைக் குறிக்கும் வீயா-லாகர் வரி இருக்கிறதா? தேட வேண்டிய இடம் அதுதான்.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இலவசமாகவே கிடைக்கிறது. அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளில் எண் ஏறியிருந்தால் டிஸ்க்கின் பரப்பே கெட்டுவருகிறது. முதல் வேலை கோப்புகளைக் காப்பாற்றுவது. சி7 வரி மட்டும் ஏறியிருந்தால், டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன் அதன் கேபிளை மாற்றுங்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைவதைத்தான் அந்த வரி எண்ணுகிறது. பழைய எண்ணைக் குறித்துவைத்து, புது கேபிளில் மேலும் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். நூறு ரூபாய்க் கேபிளில் முடிய வேண்டியது ஆயிரக்கணக்கில் போனதை நான் பார்த்திருக்கிறேன். "ஹெல்த் குட்" என்று பச்சையாகக் காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இத்தகைய எச்சரிக்கை எதையும் காட்டாமலே போயின என்றது. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றும் சொன்னது. ஆகவே டிஸ்க்மீது சந்தேகம் வந்த நொடியே, மற்ற எல்லாவற்றுக்கும் முன், கோப்புகளை வேறிடத்தில் வையுங்கள்.

ராமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்டுவது நீங்கள் எல்லோரும் செய்வதுதான். அதனால் சரியாகிவிடுவதும் உண்டு. மழைக்காலத்தில் மலை வீடுகளுக்குள்ளேயே மேகம் புகுந்து போகிறது, ஈரம் எல்லாவற்றிலும் ஏறுகிறது. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கடை மூடும்போது மெம்டெஸ்ட்டைப் போட்டுவிட்டுப் போங்கள். காலையில் வந்து பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் அந்த ராமை நம்பக் கூடாது. ஒவ்வொரு ராமாகத் தனித்தனியே, வேறு ஸ்லாட்டில் மாற்றிப் போட்டுப் பார்த்தால் ராமா ஸ்லாட்டா என்பதும் தெரிந்துவிடும். டொராண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு சர்வர்களில் நினைவகப் பிழை பதிவாகியிருந்தது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி அந்தச் சர்வர்களில் உண்டு. நம் வீட்டு எந்திரங்களில் அது கிடையாது. பிழை வந்தாலும் எங்கும் பதிவாகாது. சோதித்தால்தான் தெரியும்.

மின்சாரத்தை அளக்கும்போது எந்திரம் சும்மா இருக்கக் கூடாது. சுமையோடு ஓட வேண்டும். மஞ்சள் கம்பியில் 11.4க்கும் 12.6க்கும் நடுவிலும், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் நடுவிலும் நிற்க வேண்டும். போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று கண்ணாலேயே பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் வந்த எத்தனையோ போர்டுகள் தரமற்ற கெப்பாசிட்டர்களால்தான் உலகெங்கும் வீணாயின. செகண்ட் ஹேண்ட் சந்தையில் அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்னும் வருகின்றன. அவற்றில் போனது சில ரூபாய்ப் பொருள். சால்டரிங் தெரிந்த உங்களுக்கு அரைமணி நேர வேலை.

எங்கள் வீடுகளுக்கென்றே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பல வீடுகளில் சமைப்பதும் படிப்பதும் ஒரே அறையில். விறகடுப்புப் புகையின் கரி, தூசியோடு கலந்து பிசுபிசுவென்று ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவில் படிந்துவிடும். புளோயரால் ஊதினால் அது போகாது. நகத்தால் சுரண்டினால் தார் மாதிரி வரும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் குளிர்விக்கும் வேலை நடக்கிறது என்று நினைத்துவிடுவோம். ஹீட்சிங்க்கைக் கழற்றி, கழுவி உலர்த்தி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவிப் பாருங்கள். மலையிலிருந்து வரும் ஒவ்வொரு எந்திரத்துக்கும் இதைக் கேட்காமலே செய்யலாம்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை நான் அறிவேன். விட்டுவிட்டு வரும் பழுதைப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமானது. கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. வந்தவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று வாசலிலேயே நிற்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுதும் உட்கார்ந்து சோதித்து "கேபிள்தான்" என்று கண்டுபிடித்தால் கேபிள் விலைக்குமேல் உங்களால் கேட்க முடிவதில்லை. ஃபார்மேட்டுக்கு ஒரு தொகை என்று எல்லோருக்கும் தெரியும், பொருள் மாற்றினால் அதில் ஒரு லாபம். பழுதைக் கண்டுபிடித்ததற்கு மட்டும் கூலி இல்லை. கூலி இல்லாத வேலையை யாரும் தொடர்ந்து செய்ய முடியாது. "பார்க்கறதுக்கே காசா?" என்று கேட்கும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆகவே முதலில், சோதனைக்கென்று தனியாகக் கூலி வாங்குங்கள். இருநூறோ முந்நூறோ, உங்கள் உழைப்புக்குத் தகுந்த தொகையைக் கடையில் எழுதியே ஒட்டுங்கள். அந்தப் பணம் கண்டுபிடிப்பதற்கானது, பொருள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் உண்டு என்று சொல்லுங்கள். மலைக்காரர்கள் கொடுப்பார்கள். இரண்டாவது முறை இறங்கி ஏறும் செலவும் இழந்த நாள்கூலியும் அதைவிட அதிகம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து, என்ன சோதித்தீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதிவைத்த பதிவு எவ்வளவு உதவும் என்பதற்கு நம் மலையிலேயே ஒரு சான்று உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூர் வானாய்வகத்தில், 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வேறு இடங்களில் பார்த்தவர்களின் பதிவுகளோ வளையங்கள் இருப்பதைக் காட்டின. காவலூரின் பதிவை எடுத்து மறுபடி நுணுகி ஆராய்ந்தபோது, முதலில் கண்ணில் படாத மங்கல்களும் அதில் இருந்தன. பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே ஆண்டிலேயே வளையங்களைப் பற்றி எழுதினார்கள். முதல் முடிவு பிசகலாம். அது யாருக்கும் நேரும். அன்று பதிவு இருந்ததால் திருத்திக்கொள்ள முடிந்தது. உங்கள் கடையிலிருந்து வரும் எந்திரத்தோடு எந்தப் பதிவும் வருவதில்லை. அடுத்துப் பார்ப்பவர், அது நீங்களாகவே இருந்தாலும், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. "ராம் இரவு முழுதும் சோதித்தது, பிழை இல்லை, சி7 எண் இவ்வளவு, 12 வோல்ட் சரி, பேஸ்ட் மாற்றியது" என்று நான்கு வரி போதும். தமிழில், தேதி போட்டு, கையெழுத்தோடு.

இன்னும் மூன்று உண்டு. கேட்காமல் ஃபார்மேட் செய்யாதீர்கள். செய்யத்தான் வேண்டும் என்றால் கோப்புகளை முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுங்கள். கழற்றிய பழைய பொருளை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். உங்கள் கடையில் எந்திரம் நிற்காமல் ஓடினால் "நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடாமல், வீட்டில் மாலை நேர வோல்டேஜ் எவ்வளவு, மூன்று முள் பிளக்கில் எர்த் இருக்கிறதா, கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா என்று கேளுங்கள். பாதி விடை மலையில் இருக்கிறது. அதை அங்கிருந்து வந்தவரிடம்தான் வாங்க முடியும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்யவிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்திரம் எந்த நேரத்தில், என்ன செய்யும்போது நின்றது, அம்பு நகர்ந்ததா, விளக்கு எரிந்ததா என்று குறித்துவைக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறோம். அந்தத் தாளோடுதான் இனி அவர்கள் உங்கள் கடைக்கு இறங்குவார்கள். கீழே இறங்கும் முன் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்கள். அப்போது ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கேளுங்கள். ராமைத் துடைத்து மாட்டுவது, ஹீட்சிங்க்கைச் சுத்தம் செய்வது, சாக்கெட்டில் வோல்டேஜ் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது போன்றவற்றை நீங்கள் வழிகாட்டினால் அவர்களே செய்துவிடுவார்கள். உங்களில் யாராவது மாதம் ஒரு நாள் ஜமுனாமரத்தூருக்கு வந்து உட்கார முடியுமானால், எந்திரங்களை ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

மலையில் ஒரு வீட்டுக்குக் கணினி வருவது பெரிய காரியம். அது நின்றுபோனால் அந்த வீட்டில் வேறு கணினி கிடையாது; தேர்வுத் தேதியும் விண்ணப்பக் கெடுவும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. போர்டு உண்மையிலேயே போயிருந்தால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வோம். ஆனால் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள், சோதித்ததை எழுதிக் கொடுங்கள். இப்போது உங்கள் மேசையில் ஒரு எந்திரம் திறந்து கிடக்கும் அல்லவா? அதிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஜவ்வாது மலையிலிருந்து ஒரு கணினி ஆசிரியர்